தன்முகங் காண்டல்

மக்கள் தம் உடம்பின்கண் உள்ள கை, கால், மார்பு முதலிய உறுப்புக்களைத் தம் கண்ணாலே நேரே காண்கின்றனர். சிறிது முயன்றால் மூக்கின் நுனியையுங் காணலாம். ஆயின், 'இன்னார்' என்று உலகம் தம்மை அறிதற்குக் கருவியாகிய முகத்தை மாத்திரம் ஒருவரும் பிறந்த நாள் தொட்டு நேரே கண்டதில்லை, காணப்போவதுமில்லை. பிறர் முகமெல்லாங் காணுங் கண், தான் பொருந்தியிருக்கும் முகத்தைக் காணமாட்டாது. இஃது யாவரும் அறிந்ததேயாயினும், இதனுள் அடங்கிய வினா ஒன்று எளிதில் விடுபடுவதன்று. தன் முகம் இத்தன்மைத்து என ஒருவன் கொண்டிருக்கும் அறிவு எவ்வளவையாற் பெறப்பட்டது? காண்டலாலோ, கருதலாலோ, உரையாலோ?

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. ஆசிரியத் தொழிலினின்று ஓய்வுபெற்று, எமக்கு அறுபதாண்டு நிறைந்தபொழுது, எம்பாற் பயின்றார் சிலர் கூடி ஒரு சிறு விழாச் செய்தனர். அன்று எடுத்த நிழற்படம் ஒன்றைச் சட்டமிட்டு எம் இல்லத்திற்குக் கொணர்ந்து தந்தனர். கண்ட மாத்திரத்தே, "இஃது என் முகமன்று, படம் எடுத்தவர் ஏதோ பிழை செய்துவிட்டார்" என்றோம். வாய் ஒருபுறம் கோணியிருந்தது. ஒரு கண் சிறுத்திருந்தது. புருவம் நெரிந்து, யாரையோ கடிந்துகொள்ளப் புகுந்தான் ஒருவனது தோற்றமாயிருந்தது. நாடோறும் திருநீறணியும்பொழுது யாம் கண்ணாடியிற் காணும் முகம் அதுவன்று. எம் மனைவியார் படத்தை வாங்கிப் பார்த்து, "இதுதானே உங்கள் முகம், நாற்பது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். வேறு எப்படி இருக்கும்?" என்றார். உடனிருந்த மாணாக்கர் எவர்க்கும் அப்படத்திற் குறையொன்றுந் தோன்றவில்லை. குறை கண்டவர் யாம் ஒருவரே.

முதற்கண் கண்ணாடியை ஆராய்வாம். அது வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றும் என்பர். நுணுகி நோக்கின் அஃது அவ்வாறு செய்வதில்லை. வடக்கு நோக்கி நிற்பான் ஒருவன் கிழக்கேயுள்ள தன் வலக்கையை உயர்த்தினால், ஆடியினுள்ளும் கிழக்கேயுள்ள கையே உயர்கின்றது. தலை மேலும் தாள் கீழுமாகவே நிற்கின்றன. மாறியது ஒன்றே, வடக்கு நோக்கிய முகம் தெற்கு நோக்குகின்றது. முன்பின் மாற்றுதலே ஆடியின் செயல். அவ்வுருவைத் திரும்பி நிற்கும் வேறொரு மனிதனாக மனம் கொள்ளுதலின் வலம் இடமாயிற்றென்று தோன்றுகின்றது. எங்ஙனமாயினும், எம்மெதிர் நிற்பார்க்கு எம் வலக்கன்னம் அவரது இடப்பக்கத்தே தோன்றும். ஆடியில் அஃது எமக்கு வலப்பக்கத்தே தோன்றும். முகத்தின் இருபாதியும் முற்றும் ஒத்திருப்பின் இதனால் வருவதொரு வேறுபாடில்லை. எவர் முகமும் அங்ஙனம் ஒத்திருப்பதன்று. ஒரு புருவம் உயர்ந்திருக்கும். ஒரு கடைவாய் தாழ்ந்திருக்கும். மூக்குத் தண்டு சற்றே சாய்ந்திருக்கும். கண்ணாடியில் ஒருபுறம் சாய்ந்து கண்ட மூக்கு நிழற்படத்தில் மறுபுறம் சாய்கின்றது. ஆதலின் உள்ள கோணல் சிறிதேயாயினும், பழகிய நிலையினின்று அஃது இருமடங்கு விலகியதாகக் காண்பான் கண்ணுக்குப் படுகின்றது.

கண்ணாடியில் இன்னும் ஒரு புதுமை உண்டு. வெந்நீராவி படிந்த கண்ணாடியின்முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆடியிற் றோன்றும் தன் முகத்தின் எல்லையை விரலாற் கோடிட்டுப் பார்க்க. அக்கோடு முகத்தின் அளவிற் சரிபாதியே இருக்கும். அணுக நிற்பினும் அகல நிற்பினும் அப்பாதி மாறாது. நிழல் கண்ணாடிக்குப் பின்னே, நாம் முன்னே நிற்குந் தொலைவளவு தள்ளி நிற்பதாகத் தோன்றுதலே இதற்குக் காரணம். இத்தனை காலமும் பாதியளவினதாகிய முகத்தைப் பார்த்துவந்தும், முழு முகத்தையே கண்டோமென்று ஒருவரும் ஐயுறாதிருந்தனர். குறைந்ததை மனம் தானே நிரப்பிக்கொள்ளுகின்றது.

நல்ல கண்ணாடியாயின் மெய்ம்முகமே காட்டும் எனின், அதுவும் பொருந்தாது. கேரளத்து ஆறன்முளாவில் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கும் உலோகக் கண்ணாடியைக் காண்க. கண்ணாடிச் சில்லின் பின்புறத்தே பூச்சுடைய பிறவற்றைப்போலன்றி, அது தன் முன்முகத்திலேயே ஒளியைத் திருப்பும். விரல் நுனியை அதன்மேல் வைப்பின், நிழலின் நுனி இடைவெளியின்றி அதனோடு ஒட்டி நிற்கும். அத்துணைச் சிறந்த ஆடியும் முன்பின் மாற்றியே முகத்தைக் காட்டும்.

இனி, நிழற்படம் குற்றமற்றதோ எனின், அதுவும் அன்று. அணுக நின்று எடுப்பின் அணியதாகிய மூக்குப் பெருத்தும், சேயவாகிய செவிகள் சிறுத்துந் தோன்றும். 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில், 5 அடித் தொலைவில் எடுத்ததனினும் மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகன்று தோன்றும் என அமெரிக்க மருத்துவர் சிலர் 2018-ஆம் ஆண்டிற் கணக்கிட்டுக் காட்டினர். தம் கைப்பேசியாற் றம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டு, மூக்கைத் திருத்தவேண்டுமென்று மருத்துவரை நாடுவார் இதனை அறிதல் நலம். கண்ணாடியில் இவ்விடர் குறைவு. ஓரடி அகன்று நிற்பினும், நிழல் இரண்டடிக்கு அப்பால் நிற்பதாகவே காண்கின்றோம். நிறத்திலும் பிழை உண்டு. பழைய நிழற்படத் தகடுகள் செந்நிற ஒளியை ஏலாதன. அதனாலேயே முன்னோர் படங்களில் மாதர் நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகத் தோன்றுகின்றது. வேடிக்கை யாதெனின், 1839-இல் பாரிசு நகரில் தாகர் என்பார் வெளியிட்ட முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டிற் பதிந்த உருவம் கண்ணாடியுருவைப்போலவே இடவலம் மாறியிருந்தது. நிழற்படத்தில் முதன்முதல் தம்மைக் கண்டவர் பலர் தாம் பழகிய முகத்தையே கண்டனர் என்க.

இனிப் பழக்கத்தின் வலியை நோக்குவாம். ஒரு பொருளைப் பன்முறை கண்டதனாலேயே அதன்பால் விருப்பம் மிகும் என்று 1968-இல் இராபர்ட் சையொன்சு என்னும் உளநூலறிஞர் காட்டினார். 1977-இல் மீட்டா, டெர்மர், நைட் என்னும் மூவர் அமெரிக்காவில் அதனை முகத்தின்மேல் வைத்துச் சோதித்தனர். மகளிர் சிலரைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்தையும் உள்ளவாறு ஒன்றும் இடவலம் மாற்றி ஒன்றுமாக இரண்டு பதிப்புச் செய்து, அவர்க்கும் அவர்தம் நெருங்கிய தோழியர்க்கும் காட்டினர். படத்திற்குரியார் மாற்றிய படத்தையே பெரும்பாலும் விரும்பினர். தோழியரோ மாற்றாததனையே விரும்பினர். இருசாராரும் நோக்கியது ஒரே முகம். ஒவ்வொருவர்க்கும் நல்லதெனப் பட்டது, அவரவர் பழகியதே.

இதனை அறிந்தபொழுது எமக்கு முதலில் ஆறுதல் உண்டாயிற்று. யாம் கண்ணாடியிற் பழகினோம். மனைவியார் நேரிற் பழகினார். இரண்டும் பழக்கமேயாதலின், அவர் சொல்லுக்கு எம் சொல்லினும் ஏற்றமில்லை என்று வாதிட்டோம். அவ்வாறுதல் நிலைக்கவில்லை, என்னை? விழா முடிந்து பிறரெல்லாம் சென்றபின், இப்பொழுது தாமும் ஆசிரியராயிருக்கும் ஒருவர் எம்மருகே இருந்து, "ஐயா, தங்களிடம் படித்தது என் பேறு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தவறான விடை சொன்னவனைத் தாங்கள் பார்க்கும் பார்வைக்கு அஞ்சி, இரண்டு ஆண்டு நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இப்பொழுது என் மாணவர்களைப் பார்க்கும்பொழுதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது" என்று கூறியிருந்தார். யாம் எந்த மாணாக்கனையும் அடித்ததில்லை, கடுஞ்சொற் கூறியதுமில்லை. ஆதலின், 'சாந்தமுடையோம்' என்பதே எம்மைப்பற்றி யாம் கொண்டிருந்த துணிபு. அன்பர் மிகைபடக் கூறினார் என்று அன்று அதனைத் தள்ளிவிட்டோம். நிழற்படத்தைக் கண்டு 'என் முகமன்று' என்றதும், அவர் சொல்லைக் கேட்டு 'என் இயல்பன்று' என்றதும் ஒரே வாய், ஒரே தன்மையிற் கூறியவை என்பது சின்னாட் கழிந்தே எமக்குப் புலனாயிற்று.

படத்திலுள்ள நெரிந்த புருவம் எங்கிருந்து வந்தது? படம் எடுத்த கணத்தில் யாம் கருவியை நோக்கினேமல்லேம். விளக்கை முறைதவறி வைத்த ஓர் இளைஞனை நோக்கியிருந்தோம் என்று பின்பு நினைவு வந்தது. கண்ணாடிமுன் நிற்பவன் தன்னை நோக்கியே நிற்கின்றான். தன் கண் தன்மேல் விழுந்தவுடன் முகம் தானே ஒழுங்குபட்டுவிடுகின்றது, புருவம் விரிகின்றது, வாய் நேராகின்றது. சினங்கொண்டபொழுது கண்ணாடி தேடுவார் யார்? ஆகவே, கண்ணாடியில் நாம் வாழ்நாள் முழுதும் காண்பது, நாம் நமக்குக் காட்டும் முகமே. நம்மினும் இளைத்தாரை நோக்குங்கால் நாம் கொள்ளும் முகத்தை அது காட்டியதில்லை. அம்முகம் அவர்க்கே தெரியும்.

ஆடியும் ஒரோவழி இதனைக் காட்டுதல் கூடும். ஆஸ்திரிய நாட்டு இயற்பியலறிஞர் எர்னஸ்ட் மாக் (1838–1916) இரவெல்லாம் புகைவண்டியிற் சென்று களைப்புற்று, ஒரு பொதுவண்டியில் ஏறினாராக, எதிர்ப்புறத்தே ஏறிய ஒருவரைக் கண்டு, 'பொலிவற்ற பள்ளியாசிரியர் ஒருவர் வருகின்றார்' என்று எண்ணினார். எதிரே இருந்தது ஒரு பெருங்கண்ணாடி. தம்மை இன்னாரென்று அறிவதற்கு முன்னுள்ள அந்தச் சிறு கணத்தில் மாத்திரமே அவர் பிறர் காணுமாறு தம்மைக் கண்டார். இவ்வரலாற்றை அவரே தம் நூலில் ஒளியாது எழுதிவைத்தமை பாராட்டத்தக்கது.

இனித் தொடக்கத்தில் எழுந்த அளவை வினாவிற்கு வருவாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவையை ஆராயுமிடத்து, அவை பலவாயினும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று கொண்டார். தன் முகத்தைப்பற்றிய அறிவு தூய காண்டலன்று. கண்ணாடியில் நேரிற் கண்டது நிழலே; 'இந்நிழல் என்னுடையது; யான் இவ்வாறிருப்பேன்' என்பது கருதல். அக்கருதலிற் பழக்கமாகிய வாசனையும் 'யான் நல்லேன்' என்னும் முனைப்பும் கலந்துவிடுகின்றன. ஆடி பொய் சொல்லிற்றன்று. படமும் பொய் சொல்லிற்றன்று. திரிபு காண்பான்பாலது. எனவே, உரையளவைக்கு இடம் உண்டாகின்றது. (ஆன்மாவைப் பிரமத்தின் நிழலெனக் கூறும் பிரதிபிம்பவாதத்தை ஈண்டு ஆராயப் புகுந்திலம்.)

அற்றேல், பிறர் உரையெல்லாம் கொள்ளத்தக்கதோ எனின், அன்று. முகத்துதி செய்வானும் பிறர் உரையே உரைக்கின்றான், பகைவனும் உரைக்கின்றான். மாணாக்கரது அச்சம் அவரது மென்மையினாற் பிறந்ததாகவும் இருக்கலாம். பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்ததை மறையாது கூறுபவனும், கூறுதலால் தனக்கொரு பயன் கருதாதவனுமாகிய ஆப்தன் உரையே உரையளவையாம். எம் மனைவியார்க்கும் அம்மாணாக்கர்க்கும் தம்முட் பழக்கமில்லை. ஒருவர் கூற்றை மற்றவர் அறியார். அவ்விருவர் உரையும், தனக்கென ஒரு கருத்தில்லாத கருவி பதித்த படமும் ஒன்றாய்ப் பொருந்திய இடத்து, எம் ஒருவர் துணிபை அவற்றின்மேல் வைத்தற்கு நியாயம் ஒன்றும் கண்டிலேம்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தில், ஐம்பொறிகள் ஆன்மாவாற் பொருள்களை அறிந்தும், தம்மையும் தம்மை அறிவிக்கும் ஆன்மாவையும் அறியாவாறுபோல, உயிரும் தன்னை அறிவிக்கும் முதல்வனை அறியாதிருத்தலை விளக்கினார். பல்லாண்டு அதனைப் பாடஞ் சொல்லியிருக்கின்றோம். கண் தன்னைக் காணாது என்னும் உவமையை எத்துணையோ முறை எடுத்துக் காட்டியுமிருக்கின்றோம். அவ்வுவமையைச் சொல்லும்பொழுதெல்லாம் எதிரிருந்த சிறுவன் எம் முகத்தில் யாது கண்டான் என்று ஒருநாளும் வினவினேமல்லேம். காணுங் கண்ணுக்கு ஞாயிற்றினொளி வேண்டியிருத்தல்போல, அறியும் உயிர்க்குக் காட்டும் உபகாரம் வேண்டும் என்பது சித்தாந்தத் துணிபு. அவ்வுபகாரம் பேரொளியாக அன்றி, தயங்கித் தயங்கிப் பேசிய ஒருவர் வாயிலாகவும் வருமென்பதை யாம் எதிர்பார்த்திலேம். அம்மாணாக்கர்க்கு ஒரு கடிதம் எழுதினோம். 'தாங்கள் கூறியது மெய். அதனை முப்பதாண்டுக்கு முன்னரே யான் கேட்டறிந்திருத்தல் வேண்டும்' என்பதற்குமேல் அதில் ஒன்றும் எழுத இயலவில்லை.

படத்தைப் பெட்டியினின்று எடுத்து, திருநீறணியும் இடத்தில், கண்ணாடியின் அருகே மாட்டினோம். நாடோறும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலமென்று கருதினோம். முதற் சின்னாள் அப்புருவத்தைக் காண்டல் அரிதாயிருந்தது. மூன்று திங்கள் சென்றபின் ஒருநாட் காலையில் உற்று நோக்குங்கால், படத்திலுள்ள முகம் அத்துணைக் கடுமையுடையதாகத் தோன்றவில்லை. ஒருவகையில் நன்றாயிருக்கின்றதென்றே தோன்றிற்று. வெயிலில் படம் வெளிறிவிட்டதோ என்று ஐயுற்று, மனைவியாரை அழைத்துக் காட்டினோம். அவர் அருகே வந்து பார்த்து, "படம் அப்படியேதான் இருக்கிறது" என்றார்.