குயிலும் கணவனும்

‘ஒதெல்லோ’ நாடகத்தை ஆங்கிலத்திலே படித்துக்கொண்டிருந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், ‘கக்கோல்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ் என்னவென்று வகுப்பிலே கேட்டான். மனைவி பிறனொருவனோடு உறவு கொள்ள, அதனால் ஊர் நகைப்புக்கு ஆளாகும் கணவன் என்று பொருள் கூறினேன். அதற்கு நிகராக வழங்கும் தனிச்சொல் எதுவும் என் நாவில் வரவில்லை.

பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் குயிலினப் பறவையொன்றின் பழைய பிரெஞ்சுப் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. 13ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. ஏமாற்றும் பறவையின் பெயரை ஏமாந்த மனிதன்மேல் ஏற்றிவைத்தார்கள். சொற்பிறப்பிலேயே நியாயம் தவறிவிட்டது! நமது குயிலும் காக்கைக் கூட்டிலேதான் முட்டையிடுகிறது. வடமொழியாளர் அதனைப் ‘பரபிருதம்’, அதாவது பிறரால் வளர்க்கப்பட்டது, என்றனர். அப்பெயர் குஞ்சின் நிலையைச் சொல்வது. காக்கையை எவரும் எள்ளவில்லை.

இதனைக் கொண்டு நம் பண்பாடே மேலானதென மார்தட்ட வேண்டாம். சொல் இல்லையென்பதால் நகைப்பும் இல்லையென்றாகிவிடாது. ‘பெண்சாதியை அடக்கத் தெரியாதவன்’ என்ற பேச்சை நமது ஒழுங்கைகளிலே கேட்டிராதார் யார்?

பிழை செய்யாதவனை ஏன் நகைக்கிறார்கள்? மாட்டைக் களவு கொடுத்தவனுக்கு ஊர் இரங்குகிறது. மாடு தானாக விரும்பிக் கள்வனோடு போவதில்லை. பெண்ணோ உடைமையென எண்ணப்பட்டபோதும் சொந்த விருப்பம் உடையவள். அவள் அவ்விருப்பத்தின்வழி நடந்த கணத்திலே கணவனின் ஆட்சி வெறும் பாவனையென்பது வெளிப்பட்டுவிடுகிறது. நகைப்பவர்களும் அதே பாவனையில் வாழும் ஆட்சியாளர்களே. தம் அச்சத்தை அவன்மேல் இறக்கிவைக்கிறார்கள். ஒருதார மணத்தோடு மனைவியின் காதலனும் வஞ்சிக்கப்பட்ட கணவனும் சமுதாயத்தின் நிலையான பாத்திரங்களாயினர் என்று ஏங்கெல்ஸ் 1884 இல் வெளியிட்ட நூலிலே குறிப்பிட்டதன் உட்பொருளும் இதுவே.

சட்டம் இதனை ஒளிக்கவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவின்படி, கணவன் சம்மதித்திருந்தால் பிறன்மனை சேர்தல் குற்றமேயன்று. பொருளுக்கு உரியவனின் அனுமதி கிடைத்துவிட்டதல்லவா! 2018 இலேதான் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது.

வஞ்சிக்கப்பட்ட மனைவிக்கும் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் ஒரு சொல் இருந்தது, வழக்கொழிந்துபோயிற்று. கோவலனை மாதவியிடம் இழந்த கண்ணகியை நாம் எள்ளவில்லை, பொறுத்திருந்தாளென்று போற்றினோம். கணவன் அவளுடைய உடைமையெனக் கருதப்பட்டிருந்தாலன்றோ அவனை இழந்ததில் அவளுக்கு இழுக்கு! அப்போற்றுதலும் ஒரு விலங்கே என்பதைப் பிறிதொரு வேளை பேசலாம்.

ஒதெல்லோ கொன்றது குற்றமற்ற டெஸ்டிமோனாவை. அவள் மறுத்துரைத்தாள், அவன் செவியிலோ அந்தச் சொல்லே நிறைந்திருந்தது. இன்றும் ‘மானம்’ என்ற பெயரால் மனைவியை அடிக்கும் கை, ஊரின் வாய்க்கு அஞ்சியே ஓங்கப்படுகிறது. இவற்றையெல்லாம் வகுப்பிலே சொன்னேன்.

“அப்ப தமிழிலை என்னெண்டு எழுதிறது, சேர்?” என்று மாணவன் மீண்டும் கேட்டான்.

“வஞ்சிக்கப்பட்ட கணவன் என்று எழுது.”

பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள்.