வீடு கட்டப் புகுமுன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற சில மாதங்களில் நம் அங்கத்தினர்கள் நாலைந்து பேர் ஒரே விஷயமாக நம்மிடம் யோசனை கேட்டு வந்தனர். ஜெலுத்தோங்கில் மனை வாங்கியிருக்கிறார்கள். அல்லது பழைய வீடொன்றை வாங்கி இடித்துக் கட்டப் போகிறார்கள். மாநகர் கழகத்தின் அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கிவிடலாமா, பிளான் செலவைக் குறைக்க ஏதேனும் வழியுண்டா என்பதே அவர்களின் கேள்வி. கேட்டவர்கள் அனைவரும் ஐவேளைத் தொழுகையாளிகள். ஜகாத் கணக்கை ஒழுங்காகப் பார்த்துக் கொடுப்பவர்கள். ஆயினும், "இது துனியா காரியந்தானே, மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்ற எண்ணம் அவர்கள் பேச்சில் தொனித்தது. அந்த எண்ணம் சரியன்று என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

வீடு அல்லாஹுத்தஆலா நமக்களித்த நிஃமத். அமைதி பெறும் இடமாக வீடுகளை ஆக்கித் தந்ததைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அவன் சூரத்துந் நஹ்லின் 80ஆம் ஆயத்தில் எடுத்துரைக்கிறான். அமைதிக்கென்று கட்டும் வீட்டை அண்டை வீட்டாரின் சாபத்தோடும், கடன்காரரின் தட்டலோடும், கோர்ட்டு நோட்டீஸோடும் கட்டி முடித்தால் அதில் என்ன அமைதி இருக்கும்?

நம் முன்னோர்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அவர்கள் பினாங்கில் கடைமாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். சம்பாதித்ததைக் கடையநல்லூருக்கும் பனைக்குளத்துக்கும் அனுப்பி, அங்கே தூண் வைத்த மாடி வீடு கட்டினார்கள். அதில் சில வருஷங்களுக்கொரு முறை போய்ச் சில மாதங்கள் வாழ்ந்துவிட்டுக் கப்பலேறினார்கள். (அவ்வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன என்பது வேறு கதை.) 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை, நகரின் நடுவே சொற்ப வாடகைக்குக் கடையும் குடியிருப்பும் ஒன்றாகவே கிடைத்தன. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏறியது; குடும்பங்கள் நகரை விட்டு வெளியே இடம் தேடின. நம் பிள்ளைகள் இந்நாட்டுப் பிரஜைகள். அவர்களுக்கு வீடு இங்கேதான் வேண்டும்.

நிற்க. முதல் காரியம் நிலம். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் மஸ்ஜித் கட்டத் தேர்ந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுடையது. இலவசமாகத் தர முன்வந்தும், விலை கொடுத்தே அதைப் பெற்றார்கள் என்று ஸீரா நூல்களில் காண்கிறோம். அல்லாஹ்வின் இல்லத்துக்கே அப்படியென்றால் நம் இல்லத்துக்கு எப்படி? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் வளையமாக மாட்டப்படும் என்னும் எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. ஆகவே சர்வேயரைக் கொண்டு எல்லைக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வேலி போட வேண்டும். "முன்பிருந்தவர் இதுவரைதான் வைத்திருந்தார்" என்ற வாய்ச்சொல் போதாது.

பினாங்கில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வக்ஃபு நிலம். 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றிய நாள் முதல் இத்தீவில் நம் சமூகத்தார் வக்ஃபு செய்த நிலங்கள் உண்டு. அவற்றைக் கவனிக்க 1905லேயே அரசாங்கம் தனிச் சட்டம் இயற்றியது. வக்ஃபு நிலத்தைக் குத்தகைக்குப் பெறலாம். விலைக்கு வாங்க முடியாது. மற்றொன்று, நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் வீடு வேறொருவருக்கும் சொந்தமாயிருக்கும் பழைய கம்பத்து வழக்கம். அத்தகைய வீட்டை வாங்குகிறவர் உண்மையில் பலகையும் தகரமும்தான் வாங்குகிறார். நிலவாடகை பாக்கியும் அவர் தலையில் விழும். நிலப்பட்டாவை நில அலுவலகத்தில் வக்கீல் மூலம் தேடிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, கடையில் ஒரு நாள் லாபத்துக்கும் குறைவு.

இனி அனுமதிக்கு வருவோம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, மேம்பாட்டு வேலைக்கு முன்கூட்டியே திட்ட அனுமதி பெற வேண்டும். புறத்தோற்றமும் உயரமும் பரப்பும் உபயோகமும் மாறாமல் உள்ளே மட்டும் செய்யும் சீரமைப்புக்கு விலக்கு உண்டு. கட்டட பிளானுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டமும், 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகளும் தனியே இருக்கின்றன. அனுமதியில்லாமல் மேம்பாட்டைத் தொடங்கினால் ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஐயாயிரம் வெள்ளி வரை வேறு. அனுமதி கிடைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால், நீட்டிப்புப் பெற்றாலன்றி அது காலாவதியாகிவிடும். பணம் தயாராகுமுன் அவசரப்பட்டு மனுப் போட்டவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

வியாபாரிகளாகிய நாம் குறிப்பாக அறிய வேண்டியது, உபயோகத்தை மாற்றுவதும் மேம்பாடு என்றே சட்டத்தில் கணக்காகும் என்பது. குடியிருப்பென்று அனுமதி வாங்கிய வீட்டின் கீழ்த்தளத்தை மசாலா அரைக்கும் இடமாகவோ, நாசி கண்டார் கடைக்குச் சமையற்கட்டாகவோ, அரிசி மூட்டை அடுக்கும் கிடங்காகவோ ஆக்குவதைச் சிலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். அது சாதாரணமன்று. பகல் முழுதும் நெடியும் லாரியும் வந்தால் அண்டை வீட்டான் என்ன செய்வான்?

அண்டை வீட்டார் விஷயத்தில்தான் மார்க்கமும் இந்தச் சட்டமும் கைகோத்து நிற்கின்றன. அப்பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் அமலில் இல்லையென்றால், திட்ட அனுமதி மனு வந்ததும் அதிகாரிகள் அண்டை நிலச் சொந்தக்காரர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபம் கூற அவர்களுக்கு இருபத்தொரு நாள் அவகாசம். இதைத் தொல்லையென்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் வற்புறுத்தி வந்ததாக நாயகம் அவர்கள் கூறிய ஹதீஸைக் குத்பாவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ஜெலுத்தோங்கில் நம் சுவருக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் சீனக் குடும்பமாக இருக்கும். அவர்களுக்கும் அந்த ஹக்கு உண்டு.

உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் காலத்து வரலாறு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. எகிப்தில் ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா என்பவர் ஒரு மாடி கட்டினார். அங்கே முதன்முதல் எழுந்த மாடி அதுவே என்பர். செய்தி மதீனாவுக்கு எட்டியதும் கலீஃபா அவர்கள் கவர்னர் அம்ரு இப்னுல் ஆஸுக்குக் கடிதம் எழுதினார்கள். அம்மாடியில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையுமல்லாத ஒரு மனிதரை அதன்மேல் நிற்க வையுங்கள். ஜன்னல் வழியே அவருக்கு அண்டை வீட்டார் தெரிந்தால் மாடியை இடித்துவிடுங்கள் என்பது அதன் கருத்து. மாடியே கூடாதென்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டில் போட்டு அளந்து பார்க்கச் சொன்னார்கள். இன்று பிளான் வரைபவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: இந்த ஜன்னலில் நின்றால் யார் வீட்டு முற்றம் தெரியும்?

பாதை பற்றித் தகராறு வந்தால் ஏழு முழம் விடுங்கள் என்பது நாயகம் அவர்களின் தீர்ப்பு. கூஃபா நகரில் நாணற் குடிசைகள் தீப்பிடித்து எரிந்தபின் செங்கல்லால் கட்ட உமர் அவர்கள் அனுமதித்தபோதும், ஒருவருக்கு மூன்று அறைகளுக்கு மேல் வேண்டாம், உயரத்தில் போட்டி வேண்டாம் என்று நிபந்தனை விதித்தார்கள். பெருந்தெருவுக்கு 40 முழம் முதல் சந்துக்கு 7 முழம் வரை அகலமும் குறித்தார்கள். இது ஹிஜ்ரி 17இன் சம்பவமென்று தபரீ எழுதுகிறார். இன்றைய விதிகளில் அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஜன்னல் வேண்டும், காற்றுக்கு ஐந்து சதவிகிதத் திறப்பு வேண்டும், வாசஸ்தல அறைக்கு இரண்டரை மீட்டர் உயரம் வேண்டும் என்றெல்லாம் இருப்பதைக் கண்டு, "இங்கிலீஷ்காரன் விட்டுப் போன உபத்திரவம்" என்று ஒரு நண்பர் சலித்துக்கொண்டார். அவருக்குக் கூஃபாவின் கதையைச் சொன்னோம். சிரித்தார், பிளானில் பின்கட்டு ஜன்னலையும் பெரிதாக்கினார்.

காப்பிக் காசு பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "கொஞ்சம் கொடுத்தால் காரியம் சீக்கிரம் முடியும்" என்று சொல்லும் தரகர்கள் எந்த ஊரிலும் உண்டு. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நாயகம் அவர்கள் சபித்திருக்கிறார்கள். இருவரையும் என்பதைக் கவனியுங்கள். தாமதம் கஷ்டந்தான். ஆனால் அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி குறையான பிளான் திருப்பி அனுப்பப்படுவதால் வருவது. பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டுக்கோ எஞ்சினீயருக்கோ உரிய கூலியைக் கொடுக்க மனமில்லாமல், தெரிந்த பையனைக் கொண்டு கோடு கிழித்துக் கொடுப்பவர்களே கடைசியில் தரகரைத் தேடி அலைகிறார்கள். 2007 ஏப்ரல் முதல், குடியேறும் சர்ட்டிபிகேட்டையும் அந்த நிபுணரே தம் பொறுப்பில் கையெழுத்திட்டுத் தருகிறார். அது இல்லாமல் குடி புகுவது குற்றம்.

செலவைப் பற்றி விரிவாகவே பேசலாம். ஏனெனில் கடைக் கணக்கில் சல்லிக் காசு விடாதவர்கள் வீட்டுக் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். மனை விலையோடு செலவு நின்றுவிடாது. பிரஜைகளுக்குப் பத்திர ஸ்டாம்பு வரி முதல் லட்சத்துக்கு ஒரு சதவிகிதம், அடுத்த நான்கு லட்சத்துக்கு இரண்டு, அதன்மேல் பத்து லட்சம் வரை மூன்று, அதற்கும் மேல் நான்கு. ஐந்து லட்சம் வெள்ளி மனைக்கு வரி மட்டும் ஒன்பதாயிரம். பிறகு வக்கீல் கூலி, சர்வே, மண் பரிசோதனை, பிளான் கட்டணம், தண்ணீர், மின்சார டெபாசிட். தீவின் கிழக்குக் கரையோரம் பல இடங்களில் மண் மெத்தென்ற களிமண். அஸ்திவாரத்துக்குப் பைலிங் இறக்க நேர்ந்தால் கணக்கு எங்கோ போய்விடும். சுங்கை பினாங் ஆற்றோரத் தாழ்நிலங்களில் மனை வாங்குவோர் 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் பெருவெள்ளத்தை மறக்கலாகாது. தரைமட்டத்தை உயர்த்தவும் வாய்க்காலுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். காண்டிராக்டர் கட்டுமான வாரியத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் ஐந்து லட்சத்தைத் தாண்டினால் 0.125 சதவிகித லெவி உண்டு. ஆறு லட்சத்துக்கு 750 வெள்ளி. இவ்வளவும் எழுதிக் கூட்டியபின் மேலும் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென்று தனியே வைக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் இப்படிச் செய்யவில்லை. மொத்த வியாபாரத்தில் நல்ல பேர் எடுத்தவர். கூரை வரை வந்ததும் கையிருப்புத் தீர்ந்தது. கடைப் பெட்டியிலிருந்து எடுத்தார். சரக்குப் போட்ட சீன மொத்தக்காரருக்குத் தவணை தப்பியது. இருபது வருஷ நாணயம் ஆறு மாதத்தில் கெட்டது. வீடு முடிந்துவிட்டது, கடைதான் கைமாறிவிட்டது. கடன் தீராத மூமினின் ஆன்மா அது தீரும்வரை தொங்கிக்கொண்டிருக்கும் என்ற ஹதீஸை அவரே நம்மிடம் எடுத்துச் சொல்லிக் கண் கலங்கினார். கடை முதல் வேறு, வீட்டுப் பணம் வேறு. பேரேட்டில் தனிப் பக்கமல்ல, தனிப் பேரேடே வேண்டும்.

வட்டிக் கடன் ஹராம் என்பதில் விவாதமில்லை. 1983இல் இந்நாட்டில் இஸ்லாமிய வங்கி தொடங்கியபின் வேறு வழி இல்லையென்ற சாக்கும் போய்விட்டது. ஆனால் இஸ்லாமிய முறைக் கடனும் கடனே. தவணை தவறாமல் செலுத்த வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை என்பதால், ஜகாத் கொடுக்க வேண்டிய வியாபார முதலை வருஷக் கடைசியில் சிமெண்டாக மாற்றும் தந்திரம் வேண்டாம். ஹஜ்ஜு விஷயத்திலும் அப்படியே. தேவைக்குரிய வீட்டை விற்று ஹஜ்ஜுக்குப் போக வேண்டியதில்லை என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்வது உண்மை. அந்தச் சலுகை தேவைக்குரிய வீட்டுக்குத்தான்.

ஒப்பந்தத்தை எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282ஆம் ஆயத்துதான் திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து. எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது, குறைதீர்க்கும் காலத்துக்கு எவ்வளவு நிறுத்திவைப்பது என்பதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். எழுதாமல் கடைசித் தவணையைப் பிடித்துவைத்தால் அது கொத்தனாரின் வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்ததாகும்.

இன்னொரு சகோதரர், பைலிங் தொடங்குமுன் எஞ்சினீயர் சொல்லி, இரு பக்கத்து வீடுகளின் சுவர்களையும் அவ்வீட்டார் அனுமதியோடு படம் எடுத்து, ஒரு பிரதியை அவர்களிடமும் கொடுத்துவைத்தார். வேலை முடிந்தபின் இடப்பக்கத்துச் சீன அம்மையாரின் சமையற்கட்டுச் சுவரில் முழ நீளக் கீறல் இருந்தது. படத்தில் அது இல்லை. பேச்சுக்கே இடமில்லாமல் மறுநாளே ஆள் அனுப்பிப் பூசிக் கொடுத்தார். அந்தச் செலவு அவருடைய எதிர்பாராச் செலவுக் கணக்கில் கடைசி வரியாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.