திருவுருவமும் காணும் கண்ணும்

சைவர்களாகிய நாம் கோயிலுக்குப் போய் வந்தால் "கும்பிட்டுவிட்டு வந்தேன்" என்றுதான் சொல்வோம். "பார்த்துவிட்டு வந்தேன்" என்று சொல்பவர்கள் உல்லாசப் பயணிகளும், விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுமே. பார்ப்பது வேறு, கும்பிடுவது வேறு என்று நமது பேச்சுவழக்கே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவதுதான் முடிவான வழிபாடு என்றால், நமது முன்னோர் இத்தனை சிற்பாசாரியார்களை அழைத்து, வருடக்கணக்கில் சோறு போட்டு, தேரும் வாகனமும் திருவுருவமும் செய்வித்தது எதற்காக? நல்லூர்க் கந்தன் மூலத்தானத்திலே முகமும் கையும் இல்லாத வேலாகவே நின்று அருள்பாலிக்கிறான். அங்கே கூடும் கூட்டத்துக்கு ஒரு குறைவுமில்லை. அப்படியிருக்க அழகிய உருவம் நமக்கு எதற்கு?

இது எமது பரிபாலன சபைக்கு இவ்வருடம் வெறும் தத்துவக் கேள்வியாக இல்லை. அடுத்த மகா கும்பாபிஷேகத்துக்கான திருப்பணிப் பட்டியலில் "குதிரை வாகனத்துக்கு வர்ணம் பூசுதல்" என்று ஓர் இனம் இருக்கிறது. அதிலே சபை இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. புதிதாகப் பூசிப் பளபளக்கச் செய்யவேண்டும் என்பது ஒரு பக்கம். பூசியதெல்லாவற்றையும் உரித்து, அடியிலுள்ள மரத்தைக் காணவிடவேண்டும் என்பது மறு பக்கம். இரு பக்கத்தாரும் பக்தர்கள்தான். அதனால்தான் இதைப்பற்றி மலரிலே எழுதத் துணிந்தேன்.

முதலில் செய்பவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிற்பநூல் ஒழுங்கின்படி சிவபெருமான் போன்ற பெருந்தெய்வங்களின் திருவுருவத்துக்கு உத்தம தசதாளம் என்றொரு அளவு உண்டு. முழு உயரத்தை 124 பாகமாக வகுத்து, நெற்றிக்கு இத்தனை, மூக்குக்கு இத்தனை, முழங்காலுக்கு இத்தனை என்று விதிப்பது அது. எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்தக் கையில் எது என்பதைத் தியான சுலோகம் சொல்லிவிடும். அப்படியானால் செய்பவரின் மனத்துக்கு அங்கே என்ன இடம் என்று சிலர் கேட்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஐயம் எழவில்லை. ஒரே படிவத்தை இரண்டு பேரிடம் நிரப்பக் கொடுத்துப் பாருங்கள். கூடு ஒன்று, கேள்வி ஒன்று, விடையும் ஒன்றாகவே இருக்கும். ஆனாலும் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் இது இன்னாருடைய வேலை என்று தெரிந்துவிடும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நாங்கள் தாளுக்குத் தாள் சுருக்கொப்பம் இடுவோம். சிற்பாசாரியார் ஓரிடத்திலும் தம் பெயரை வெட்டுவதில்லை. எமது குதிரையைச் செய்தவர் யார் என்பதற்குக் கோயில் கோவைகளிலே ஓர் எழுத்துக்கூட இல்லை.

உருவம் முழுவதும் முடிந்தபின் கடைசியாகச் செய்வது கண் திறத்தல். நயனோன்மீலனம் என்று ஆகமங்கள் கூறும். பொன்னூசி கொண்டு விழியைக் கீறியபின் கண்ணாடி, கன்றோடு கூடிய பசு, தானியம் முதலிய மங்கலப் பொருள்களைத் திருவுருவத்தின் முன் காட்டுவர். இதைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். அங்கே முதலிற் பார்ப்பவர் நாம் அல்லர், சுவாமி. நாம் சுவாமியைக் காண்பதற்கு முன்பே சுவாமி காணத் தொடங்கிவிடுகிறார். சிங்களப் பௌத்தர்களின் விகாரைகளிலும் இதை ஒத்த சடங்கு உண்டு. புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சித்திரகாரர் நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தே எழுதுவார். இதனை விரிவாகப் பதிந்து வைத்தவர் நம்மவர் ஒருவர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இது இருக்கிறது.

குமாரசுவாமி 1877 இல் கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி யாழ்ப்பாணத்து வழிவந்தவர், தாயார் ஆங்கிலப் பெண்மணி. மகனுக்கு இரண்டு வயதாகும்போதே தந்தையார் காலமாகிவிட்டதால் இங்கிலாந்திலே வளர்ந்தார். கல்லையும் கனிப்பொருளையும் ஆராயும் உத்தியோகத்தனாக இலங்கைக்குத் திரும்பியவர், ஊரூராய்ச் சுற்றும்போது கல்லிலிருந்து கலைக்கு மாறிவிட்டார். சிவ நடனம் பற்றிய கட்டுரையை உள்ளடக்கிய அவரது நூல் 1918 இல் வெளிவந்தபின்பே மேல்நாட்டார் பலர் நடராசத் திருவுருவத்தின் பொருளை அறிந்தனர். 1917 தொடக்கம் 1947 இல் மறையும்வரை, ஏறக்குறைய முப்பது வருடம், அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலே கடமை பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், நூதனசாலைச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டே, கலைப்பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவது எதற்காக என்று கேட்டு 1943 இல் ஒரு நூல் எழுதினார். அங்கேயிருப்பவையெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவை, வெறுமனே பார்த்து மகிழ்வதற்காக அல்ல என்பது அவர் வாதம். எமது சபையில் வர்ணம் பூசவேண்டும் என்று நிற்பவர்கள் குமாரசுவாமியைப் படித்ததில்லை. ஆயினும் அவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: "கோயில் என்ன மியூசியமா? குதிரை சுவாமி ஏறுவதற்கு, நீங்கள் நின்று இரசிப்பதற்கல்ல."

இந்த வாதத்தின் வலிமையை அறிய வேறொரு கதையைச் சொல்லவேண்டும். தமிழகத்திலே கும்பகோணத்துக்கு அண்மையில் சிவபுரம் என்றோர் ஊர். 1951 இல் அங்கே நிலத்தைக் கிண்டியபோது சோழர் காலத்து நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. கோயிலிலே ஒப்படைத்தார்கள். சில வருடங்களில் செப்பனிடுவதற்காக வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தது அச்சொட்டாக வார்த்த வேறொரு நடராசர். மூலத் திருமேனி கைக்குக் கை மாறிக் கடல் கடந்தது. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த டக்ளஸ் பரெற் என்னும் அறிஞர், கோயிலில் இருப்பது போலி என்று 1965 இல் எழுதிய பின்பே விடயம் வெளியே வந்தது. பின்னர் அமெரிக்கச் செல்வர் நோர்ட்டன் சைமன் மூலத்தை வாங்க, பெரிய வழக்காகி, 1986 இல் அது இந்தியாவுக்கு மீண்டது.

இடைப்பட்ட அந்த வருடங்களில் சிவபுரத்து மக்கள் எதைக் கும்பிட்டார்கள்? திருவாதிரைக்கு விளக்கேற்றிய கிழவி, பரீட்சைக்கு முன் வந்து நின்ற மாணவன், பிள்ளை வரம் கேட்ட பெண் என்று எத்தனை பேர் அந்தப் போலியின் முன் நின்றிருப்பார்கள். அந்தக் கும்பிடு போய்ச்சேரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எம்பெருமான் செப்பின் வயதைப் பார்த்து அருள்பவன் அல்லன். அப்படியானால் மூலத்தை ஏன் மீட்கவேண்டும், போலியே போதுமே என்று கேட்டால், அதற்கும் என் மனம் ஒப்பவில்லை. அவர்களின் வழிபாடு கெடவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள். சோழர் காலத்திலே மெழுகைப் பிடித்துப் பிடித்து அந்தத் தூக்கிய திருவடியை வளைத்தெடுத்த பெயரில்லாத ஒருவர் அவர்களுக்கென்று விட்டுப்போனதை அவர்களின் கண்ணிலிருந்து பறித்துவிட்டார்கள். கும்பிடுவதற்கு அந்தக் கை வேலை தேவையில்லை என்பது உண்மை. அப்படி ஒரு கை வேலை நமக்குக் கிடைத்தபின், அதைப் பார்க்கவேண்டிய கடன் தனியாக நமக்கு உண்டு என்பதும் உண்மை. கடவுளுக்குரிய கடனோடு அதனைக் கலக்கக்கூடாது. அது மனிதருக்கு மனிதர் பட்ட கடன்.

ஓய்வுபெற்றபின் பென்சிலும் கொப்பியுமாகக் கோயில் வீதியிலே இருந்து வரையத் தொடங்கினேன். சித்திரம் படித்தவனல்லன். கோபுரம் எனக்குக் கைவரவில்லை, பொம்மைகள் அதிகம். குதிரை வந்தது. வேட்டைத் திருவிழாவில் அறுபது வருடமாகக் கண்ட குதிரை. வரைவதற்கு இருந்தபோதுதான் அதன் இடது காது சற்றே பின்னால் மடிந்திருப்பது தெரிந்தது. முன்னே பாய்கின்ற மிருகம், ஒரு காதை மட்டும் முதுகில் இருப்பவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது, சொல் கேட்கும் பாவனையில். அளவுநூலில் இது இருக்குமோ என்னவோ, என் மனம் இதை அந்தச் சிற்பாசாரியாரின் சுருக்கொப்பமாகவே எடுத்துக்கொண்டது. கால்களும் சற்றுக் குட்டை. நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்து செய்தாரோ என்று நினைத்துக்கொள்வேன். பிடரி மயிரைத்தான் வரைய முடியவில்லை. உளியால் கோடு கோடாக இழுத்த மயிர், வர்ணத்தின்மேல் வர்ணம் பூசிப் பூசி மெழுகிய திண்ணை போலாகிவிட்டது. ஒரு கும்பாபிஷேகத்துக்கு ஒரு பூச்சு. வால் அடியில் பெயர்ந்த இடத்திலே எண்ணலாம்: மேலே வெள்ளை எனாமல், அதன்கீழ் மஞ்சள், பின்னர் நீலம், மீண்டும் ஒரு வெள்ளை, அதற்கும் அடியில் மரம். கழுத்தின் கீழே எனாமல் வழிந்து துளி துளியாக உறைந்திருக்கிறது. சுவிஸிலிருந்து வந்த ஒரு சிறுவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் அப்பப்பாவிடம் கேட்டான்: "அப்பப்பா, குதிரைக்கு வேர்க்குதா?" மலருக்கு எழுதும் நாங்கள் ஒருவரும் அதை அப்படிப் பார்த்ததில்லை.

இவ்வளவும் சொன்னதால் நான் உரிக்கும் பக்கம் என்று நினைப்பீர்கள். முழுவதும் இல்லை. அந்த நீலப்பூச்சின் உபயகாரர் இந்த ஊரிலே சுருட்டுச் சுற்றி வாழ்ந்தவர். கொக்குவிற் சுருட்டு தென்னிலங்கைக் கடைகளுக்கெல்லாம் போன காலம் அது. நாட்கூலியிலே மிச்சம் பிடித்து, அந்த வருடத்துக்குக் குதிரை என்னுடையது என்று செய்தார். இன்று புதுப் பூச்சுக்குப் பணம் அனுப்ப முன்வந்திருப்பவர் அவருடைய மகன். பனிக்குளிரில் இரவு வேலை செய்து உழைத்த காசு. வேட்டைத் திருவிழாவைக் கைத்தொலைபேசியிற் பார்க்கும்போது தகப்பனார் பூசுவித்த குதிரை மங்கிப் போய்த் தெரிவது அவருக்கு மனவருத்தம். செய்தவரின் கையைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லாவற்றையும் உரித்தெறிந்தால் அந்தச் சுருட்டுத் தொழிலாளியின் நீலமும் அதனோடு போகும். உளி பிடித்தவரின் பெயரும் நமக்குத் தெரியாது, தூரிகை பிடித்தவரின் பெயரும் தெரியாது. இதில் யாருடைய வேலை கலை, யாருடையது பூச்சு என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

எங்கள் குருக்கள் ஐயா வேறொரு கோணத்திலே சொன்னார். அவர் சாத்துப்படியில் வல்லவர். மத்தியானம் தொடங்கி மாலைவரை பூவும் பட்டும் நகையுமாக எழுந்தருளி மூர்த்தியை அலங்கரிப்பார். இரவு திருவிழா முடிந்ததும் அவரே அவிழ்த்துவிடுவார். "நான் செய்கிறது ஒரு இரவுகூட நிற்காது. செய்தது நிலைக்கவேண்டும் என்று ஆர் சொன்னது?" என்று கேட்டார். இதற்குச் சபையிலே ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன். சாத்துப்படியைச் செய்தவரே அவிழ்க்கிறார். மறுநாள் அவரே மீண்டும் செய்வார். பூ வாடும் என்று தெரிந்தே கட்டியது அது. மரத்திலே மயிருக்கு மயிர் கோடு இழுத்தவர், பார்க்கப்படும் என்று நம்பித்தான் இழுத்திருப்பார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆகவே நான் சபைக்கு எழுத்திற் கொடுத்திருக்கும் யோசனை இது. புதுப் பூச்சு வேண்டாம். முகம், காது, பிடரி ஆகிய இடங்களில் மட்டும், மரவேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, மெதுவாக மரம்வரை உரிக்கலாம். உடம்பிலே மேலுள்ள வெள்ளையையும் மஞ்சளையும் எடுத்துவிட்டு நீலத்தோடு நிறுத்தலாம். புதுப் பூச்சுக்கென்று வரும் பணத்தை இந்த வேலைக்கே பயன்படுத்த மகன் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுதியிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை. பாதி உரித்த குதிரை தேமல் பிடித்ததுபோல் இருக்கும் என்று சபையில் ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

தைப்பூசத்துக்குப் பின்வரும் கூட்டத்திலே இதற்கு முடிவெடுக்க இருக்கிறோம். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்ததும் வாகனசாலைக் கதவு திறந்திருக்கும். மின்குமிழ் ஒன்றும் புதிதாகப் போட்டிருக்கிறோம். அடியார்கள் வந்து குதிரையைப் பார்த்துவிட்டுத் தங்கள் அபிப்பிராயத்தை அங்கே வைத்திருக்கும் கொப்பியில் எழுதலாம். இடது காதைப் பார்ப்பதானால் சுவர்ப்பக்கமாகப் போய் நிற்கவேண்டும்.