பால்குடியும் மஷூறாவும்

பள்ளிவாசலுக்கு ஒரு மின்விசிறி வாங்குவதென்றாலும் மஷூறா செய்கிறோம். பிள்ளைக்கு எப்போது சோறு தீத்துவது, எப்போது பால்குடி மறக்கச் செய்வது என்பதற்கு அது தேவையா? பெண்கள் பாடு என்று தள்ளிவிடுவோர் சூறா அல்பகறாவின் 233ஆம் ஆயத்தை முழுதாக ஓதிப் பார்க்கலாம்.

அதிலிருந்து எம்மவர் எடுத்துச் சொல்வது இரண்டு வருடக் கணக்கை மட்டுந்தான். அது பூர்த்தியாக்க விரும்புவோருக்குரியது என்பதும், அக்காலத்தில் தாயின் உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு என்பதும், பிள்ளையைக் காரணம் காட்டித் தாயை வருத்தலாகாது என்பதும், முன்கூட்டியே மறக்கச் செய்வதாயின் இருவரும் மனமொத்துக் கலந்து பேசியே செய்ய வேண்டும் என்பதும் அதே ஆயத்தில்தான் உள்ளன. அங்கு வரும் ‘தஷாவுர்’ என்ற சொல் ‘ஷூறா’வின் வேரிலிருந்து பிறந்தது. ஆட்சி பற்றிப் பேச நாம் எடுத்தாளும் சொல்லின் உறவு, தொட்டிலருகே நிற்கிறது.

எனது மூத்த மகள் 2009இல் பிறந்தாள். மனைவியும் ஆசிரியை. முழுச் சம்பளத்துடனான 84 நாள் பிரசவ லீவு ஐந்தாம் மாதத்துக்குள் முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் பரிந்துரைத்தபடி, ஆறு மாதம்வரை தண்ணீரும் வேண்டாமென்றார் மருத்துவமாது. மனைவி அரைச் சம்பள லீவு எடுக்க விரும்பினாள். எனக்கோ வீட்டுக்கடன் தவணைதான் கண்ணில் நின்றது.

“நாலு மாசத்தில சோறு திண்டுதானே நாங்க வளந்த” என்றார் மாமி. அவரும் நானுமாகத் தீர்மானித்துவிட்டோம். மனைவி பாடசாலைக்குப் போன முதல் நாளே மாமி குழைசோறு தீத்தினார். பக்கத்தில் நின்று பிஸ்மி சொன்னவன் நான். பால் கட்டி, உடம்பு கொதிக்க வந்தவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.

“என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

மகளுக்கு ஒரு குறையும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது எங்கள் செயலைச் சரியாக்குமா? கேட்டிருந்தால் அவளே கடனை எண்ணி லீவு வேண்டாமென்றிருக்கவும் கூடும்; அதே சோறு அதே நாளில் தீத்தப்பட்டிருக்கும். அப்படியானால் நான் பறித்தது எதை? பாலையல்ல, லீவையுமல்ல. ஆயத்தில் அவளுக்கென்று வைக்கப்பட்டிருந்த ஒரு சம்மதத்தை. மாமியைக் குறைசொல்ல மாட்டேன். அவரையும் எவரும் கேட்டதில்லை.

2013இல் மகன் பிறந்தபோது மூவரும் பாயில் உட்கார்ந்து பேசினோம். மாமி தன் கட்சியை விடவில்லை. மனைவி ஆறு மாதம் முடியுமட்டும் அரைச் சம்பள லீவெடுத்தாள். பின்சுவருக்கு அந்த வருடம் சாந்து பூசவில்லை.