கலங்கிய நீரும் தேற்றாங்கொட்டையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருவீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஊர்களுள் ஒன்று தேற்றாத்தீவு. தேற்றா மரத்தால் வந்த பெயர் அது என்பர். அம்மரத்தின் கொட்டையைக் கலத்தின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், மண் அடியிற் படியும். நீர் தெளிந்து மேலே நிற்கும். நம் முன்னோர் கண்ட இந்த எளிய உண்மை, மனித மனத்திற் கலங்கி நிற்கும் துவேஷத்தைப் பற்றிச் சிந்திப்போர்க்கும் பயன்படும்.

பிறர் நம்மை வெறுக்கும்போது நாம் செய்யத்தக்கது யாது? இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. வெறுப்புக்கு வெறுப்பே மருந்து என்பது ஒன்று. காதில் வாங்காதே, பொறுத்துப் போ என்பது மற்றொன்று. முதலாவது வீரம் போலவும், இரண்டாவது ஞானம் போலவும் தோன்றும். ஆயினும், அந்த வெறுப்பு எங்கிருந்து பிறந்தது என்ற கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை.

வெறுப்பு இரத்தத்திலேயே ஊறியது என்பார் உளர். கிழக்கிலங்கையின் வாழ்க்கை முறை அதனை மறுக்கிறது. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசுகின்றனர். இரு சாராரும் தாய்வழியாகவே குடி எண்ணுகின்றனர். பெண்ணுக்கே வீட்டைச் சீதனமாகக் கொடுக்கின்றனர். படுவான்கரையின் நெல்லும் எழுவான்கரையின் நெசவும் இரு சாராரின் கைகளையும் கடந்தே சந்தைக்கு வந்தன. இயற்கைப் பகைவர்கள் இவ்வாறு வாழ்ந்திருக்க முடியுமா?

1954ஆம் ஆண்டில் முசாபர் ஷெரிப் என்னும் உளவியலறிஞர் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு சோதனை நடத்தினார். ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்த 22 சிறுவர்களை இரு கூட்டங்களாகப் பிரித்து, பரிசுகளுக்காகப் போட்டியிடச் செய்தார். சில நாட்களிலேயே வசைமொழி பிறந்தது, கொடிகள் எரிந்தன, இரவிலே ஒரு கூட்டம் மற்றதன் குடிலைத் தாக்கியது. பின்னர், இரு கூட்டமும் கைகோத்தால் மட்டுமே தீர்க்கக்கூடிய இடர்கள் எழுந்தன. குடிநீர் தடைப்பட்டபோது அவர்கள் சேர்ந்து உழைத்தார்கள். இத்தகைய வேலைகள் பெருகப் பெருகப் பகை தணிந்தது. பங்கீட்டுச் சூழல் வெறுப்பை உண்டாக்கிற்று. கூட்டுழைப்பு அதனைக் கரைத்தது.

ஆனால் நம் மண்ணில் சிந்தியது கொடித் துணியின் சாம்பல் மட்டுமன்று. 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அதே மாதம் 12ஆந் திகதி ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே நாளில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் முஸ்லிம் ஊர்காவற் படையினரால் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழர் பலர் இராணுவத்தினரின் கையில் மாண்டனர். தொழுகையிலே மகனை இழந்த தந்தையிடமும், கோயில் வாசலிலே கணவனை இழந்த பெண்ணிடமும் சென்று, "வெறுக்காதே" என்று உபதேசிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இங்கேதான் தேற்றாங்கொட்டையின் வேலை தொடங்குகிறது. வெறுப்பைக் கூர்ந்து நோக்கினால் அதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கக் காணலாம். ஒன்று வேதனை, அது உண்மை. மற்றொன்று "அவர்கள் எல்லோரும்" என்னும் பன்மை, அது பொய். வெறுப்புக்கு வெறுப்பால் பதில் சொல்பவன், பொய்யோடு சேர்த்து வேதனையையும் மறுக்கிறான். பொறுத்துப் போகச் சொல்பவன், வேதனையோடு சேர்த்துப் பொய்யையும் விட்டுவைக்கிறான். இரண்டையும் பிரித்தெடுப்பதே அறிவின் கடமை.

அந்தப் பன்மை எத்துணைப் பொய் என்பதற்கு ஓர் உதாரணம். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்படப் பலர் குண்டுக்கு இரையாயினர். அன்றைய தாக்குதல்களின் தலைவனான சஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். உடனே நாடெங்கும் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கும் குரல் எழுந்தது. ஆனால் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2017 மார்ச்சில், அவனுடைய கூட்டத்தின் வன்முறைக்கு ஆளானவர்கள் யார்? காத்தான்குடியின் சூஃபி முஸ்லிம்களே! முதலில் அடிபட்டவர்களையும் அடித்தவனையும் ஒரே பெயரால் அழைத்துத் தண்டிப்பது எந்த நியாயம்?

கூட்டுத் துன்பமே ஒற்றுமையைத் தந்துவிடும் என்று நம்பி இருந்துவிடவும் இயலாது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இனம் பார்க்கவில்லை. கரையோர மக்கள் ஒருவரையொருவர் தாங்கிய நாட்கள் அவை. ஆனால் நிவாரணத்தைப் பங்கிடுவதற்கான உடன்படிக்கை 2005 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே கைச்சாத்தானபோது, பெரிதும் பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அழுகையிலே இருந்த சமத்துவம் மேசையிலே இல்லாமற் போயிற்று. ஐயமும் கசப்பும் மீண்டும் தலைதூக்கின. சம நிலை, பொது நோக்கம், கூட்டுழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகிய நான்கும் கூடும்போதே நேர்ப் பழக்கம் பகையைக் குறைக்கும் என்று கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். நம் அனுபவம் அதற்குச் சான்று.

ஆகவே பிறரது வெறுப்பைச் சந்திக்கும் வழி, நம் பெயரால் செய்யப்பட்ட அநீதியை முதலில் நாமே உரைப்பதில் தொடங்குகிறது. தமிழ் ஆசிரியன் காத்தான்குடியையும், முஸ்லிம் ஆசிரியன் வீரமுனையையும் தத்தம் வகுப்பிலே கூசாமற் சொல்லும் நாள் வரவேண்டும். ஒரே மொழியிற் பயிலும் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலையென்றும் முஸ்லிம் பாடசாலையென்றும் பிரிந்தே வளர்வதை மாணவர்கள் கேள்விக்குள்ளாக்க வேண்டும். நிலத்துக்கும் நீருக்கும் விளைபொருளின் நியாய விலைக்குமான போராட்டங்களில் இரு சாராரின் உழைப்பாளர்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அவர்கள் பிரிந்து நிற்பதால் ஆதாயம் பெறுவோர் யாவர் என்பதும் அப்போது புலப்படும்.

இது ஒரு நாளில் ஆகிவிடும் வேலையன்று. கொட்டையைப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். நீர் தெளியக் காத்திருக்கவும் வேண்டும். தெளிந்த பின்னும் மண் கலத்தின் அடியிலேயே கிடக்கும். இறந்தவர்களின் நினைவும் அவ்வாறே. அதனை எவரும் அகற்ற வேண்டியதில்லை. அதனை மீண்டும் மீண்டும் கலக்கி வாழ்வோரின் கையைத் தடுத்தாற் போதும். தடுக்க வேண்டியவர்கள் நாம்.