பக்கத்து இலை



கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். பெயரைக் கேட்டுக் கேரளமா என்பாரும் உண்டு. 1976 வரை அங்கே ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். திருவிதாங்கூர் ஊழியக் கொடுமையைக் கேட்டு வளர்ந்தோருக்கு இது புரியும்.

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் படிக்க இறங்கும் பிள்ளையை இன்று விரட்டுவார் அரிது, பொறுத்துக்கொள்கிறார்கள். அது போதுமா? தன்னைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்குமே! பிறகு பாடத்தில் மனம் நிற்காது. ஊர்ப்பேர் சொல்லவும் நாக்கு கூசும்.

அய்யா வைகுண்டர் முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராடச் செய்தார், ஒரே பந்தியில் உண்ண வைத்தார். பொறுத்துப்போவதற்குத் தள்ளி நின்றாலே போதும். பந்தியில் அது நடக்காது. பக்கத்து இலைக்குச் சோறு வந்ததா என்று பார்க்கவேண்டும்.

அய்யா உண்டு.