இறங்குதல் இழிவா?

ஏறுவது பெருமை, இறங்குவது சிறுமை என்று உலகம் பேசுகின்றது. அது மெய்தானா?

சென்ற ஞாயிறு காலை பினாங்குக் கொடிமலையில் இருந்தேன். 1923ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மலை ரயிலிலேயே எப்போதும் போய்த் திரும்புபவன் நான். அன்று ஏனோ மனம் மாறித் தாவரவியல் பூங்காவிற்கு இறங்கும் சாலையில் கால்நடையாகவே புறப்பட்டேன். சுமார் ஐந்து கிலோமீட்டர்.

பாதி வழியில் சருகு கூட்டிக்கொண்டிருந்த முதியவர், "ரயில் ஓடவில்லையா, தம்பி?" என்றார்.

"ஓடுகின்றது, ஐயா."

"பின் ஏன் நடக்கிறீர்கள்?"

அக்கேள்வி என்னைச் சுட்டது. பால்மரம் வெட்டிய என் பெற்றோர், ஆங்கிலப் பள்ளி என்னும் ரயிலில் என்னை ஏற்றினர். கிராணியானேன். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதோடு சரி; அன்று தொட்டு லயத்து வாசலை நான் மிதித்ததில்லை.

தோழர்களே! ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்திலோ முழங்கால் நடுங்கும், ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும். ஏறுபவன் உச்சியைப் பார்க்கின்றான். இறங்குபவனே பாதையையும் அதைப் பெருக்கி வைத்தவரையும் காண்கின்றான். உயர்ந்தவன் ஒருவன் தன்னை உயர்த்தியவரிடம் இறங்கி வாரானாயின், அவ்வுயர்வினால் யாருக்கு என்ன பயன்?

இன்று மாலை லயத்திற்குப் போகின்றேன், நடந்தே போகின்றேன்.